முத்துக்காகத் தாங்கியவர்கள், பொன்னுக்காகத் தாங்கியவர்கள்



இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கேள்வி. பத்துக் கோடி ரூபாய் கிடைக்கும். அதற்காகக் காது கிழிகிற வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், இன்றைக்கு உயிரோடு கரை திரும்புவோமா என்ற பயத்தோடு ஒரு மாதம் வாழ வேண்டும். சம்மதமா? எந்த ஊரில், எந்தத் திண்ணையில் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரும். இளைஞர்கள் கை தூக்குவார்கள். பெரியவர்கள், "உயிர் இருந்தால்தானே பணம்" என்பார்கள். இரண்டொருவர் பத்தை இருபதாக்கச் சொல்லிப் பேரம் பேசுவார்கள்.

ஆனால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொல்லும் பதிலை எவ்வளவு தூரம் நம்புவது? வலி வரும்போதுதான் வலியின் அளவு தெரியும். பயம் எதிரே நிற்கும்போதுதான் பயத்தின் முகம் தெரியும். அதனால் இந்தக் கேள்வியை நேருக்கு நேராகச் சந்தித்த மனிதர்களிடம் போவதுதான் முறை. அவர்கள் வாயால் பதில் சொன்னவர்கள் அல்லர். காதால், நுரையீரலால், தோளால், உறைந்துபோன விரல்களால் பதில் சொன்னவர்கள். அப்படி இரண்டு கூட்டத்தார். ஒரு கூட்டம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குத் தலைகீழாய் நின்றது. இன்னொரு கூட்டம் பூமியின் வடகோடியில் பொன்னுக்காகப் பனிமலை ஏறியது.

முதலில் நம் கடல்.

மன்னார் வளைகுடாவின் அடியில், ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், பாறையும் மணலும் கலந்த மேடுகள் உண்டு. முத்துச் சிப்பிகள் ஒட்டி வளரும் மேடுகள். அவற்றுக்குப் 'பார்' என்று பெயர். இந்தப் பக்கம் தூத்துக்குடி, கீழக்கரை. அந்தப் பக்கம் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி. இரண்டு கரைக்கும் பொதுவான கடல், பொதுவான தொழில். சிப்பி முற்றியிருக்கிறது என்று தெரிந்த ஆண்டில் மட்டும், காற்று அடங்கிக் கடல் தெளியும் மாசி பங்குனி வாக்கில் முத்துக்குளிப்பு கூடியது. இலங்கையில் அதைச் சலாபம் என்றார்கள்.

இந்தத் தொழிலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வெளிநாட்டுச் சாட்சியே நெஞ்சைத் தைப்பது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க வணிகக் கையேடு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளிப்பு நடக்கிறது என்கிறது. குளிப்பவர்கள் யார்? தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. அதே நூற்றாண்டில் ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் ஒரு சீமாட்டியைப் பார்த்து எழுதி வைத்தார். பேரரசர் காலிகுலாவின் மனைவியாக இருந்த லொல்லியா பவுலினா. ஏதோ ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு அவர் தலை, காது, கழுத்து, விரல் எங்கும் மரகதமும் முத்துமாக வந்தாராம். மதிப்பு நான்கு கோடி செஸ்டர்ஸ் நாணயம். கேட்பவரிடம் காட்ட ரசீதையும் தயாராக வைத்திருந்தாராம்.

ஒரு கோடியில் ரசீது வைத்திருக்கும் சீமாட்டி. மறுகோடியில் கடலுக்குள் தள்ளப்பட்ட கைதி. அந்தக் கைதியிடம் யாராவது "சம்மதமா?" என்று கேட்டிருப்பார்களா? நம் கேள்விக்கு வரலாறு தரும் முதல் பதில் இது: வலியைத் தாங்கியவர் வேறு, செல்வத்தை அணிந்தவர் வேறு.

சரி, பின்னாளில் கைதிகள் போய்விட்டார்கள். பரவர்கள் வந்தார்கள், கீழக்கரை முஸ்லிம்கள் வந்தார்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாட்கள் பாய்மரக் கப்பலேறி வந்தார்கள். இவர்களை யாரும் விலங்கு போட்டு இழுத்துவரவில்லை. தாமாகவே வந்தார்கள். என்ன தாங்கினார்கள்?

நள்ளிரவு தாண்டியதும் புறப்படச் சொல்லி வெடி. கரைக்காற்றில் தோணிகள் பாரை நோக்கிப் போகும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். ஒரு கயிற்றின் நுனியில் பத்துப் பதினைந்து கிலோ கல். குளியாளி அந்தக் கல்லில் காலை ஊன்றி, இடுப்பிலோ கழுத்திலோ வலைப்பையோடு, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூச்சை இழுத்து நிறுத்தித் தலையசைப்பார். கயிறு விடப்படும். கல் அவரை இழுத்துக்கொண்டு இறங்கும்.

பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மீது அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். அதற்கு முன்பே, நாலைந்து மீட்டரிலேயே, காதுக்குள் ஊசி இறங்கும். பழகாதவர் அங்கேயே கயிற்றை இழுத்துவிடுவார். பழகியவர் இறங்கிக்கொண்டே இருப்பார். அடியில் கிடைக்கும் நேரம் முழுசாக ஒரு நிமிடம் இருந்தால் பெரிது. அந்த நேரத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பியெல்லாம் பைக்குள் போக வேண்டும். கயிறு அசைந்தால் மேலே இருப்பவர் இழுப்பார். இரண்டு பேருக்கு ஒரு கல். ஒருவர் ஏறியதும் மற்றவர் இறங்குவார். பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்தில் இதை நேரில் பார்த்த ராபர்ட் பெர்சிவல் என்ற படை அதிகாரி 1803-ல் வெளியிட்ட நூலில், ஒருவர் ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை இறங்குவார் என்று எழுதியிருக்கிறார். மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீரோடு இரத்தமும் வரும் என்றும், அதனால் அவர்கள் அடுத்த முறை இறங்காமல் இருப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்பதற்கு நெய்தல் நிலத்தில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு. மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றின் மறுநுனியில் இருக்கிறது என்பது மச்சானுக்கு மறக்காது. முதலாளியை நம்பாத இடத்தில், பெருந்தொகையை நம்பாத இடத்தில், உறவை நம்பினார்கள். கடலுக்குள் போகிறவனுக்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடுபவர்கள் இந்தப் பேச்சைக் கடந்து போகக்கூடாது.

வலி இப்படி. பயம்?

பயத்துக்குப் பெயர் சுறா. அந்தப் பயத்துக்கு மருந்தாக ஒரு மனிதர் இருந்தார்: கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவே இவர்களைக் குறிப்பிடுகிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மீன்களைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. அந்தி சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்; இரவில் எவரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாதே! மந்திரத்தை நம்பாதவர்கூட இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே பயம் பகலில் தொழிலாளிக்கு நீங்குகிறது, இரவில் திருடனுக்குத் திரும்புகிறது.

அதற்கு ஐந்தரை நூற்றாண்டு கழித்து, இலங்கை அரசின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னெண்ட் அரிப்புக்குப் போனார். கடல்கட்டி அப்போதும் இருந்தார். வழிவழியாக அந்தப் பணியைச் செய்த குடும்பத்தின் அன்றைய தலைவர் கத்தோலிக்கர். அவருடைய மதம் என்ன என்பதைக் குளியாட்கள் பொருட்படுத்தவில்லை. டென்னெண்ட் போன அன்று கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. பதிலாள் ஒருவரை அனுப்பியிருந்தார். அந்தப் பதிலாள் வெளிப்படையாகவே சொன்னாராம்: தனக்கு அந்த மந்திரம் தெரியாது, ஆனால் தெரிந்தவரின் சார்பில் தான் வந்து நிற்பதை மதித்துச் சுறாக்கள் விலகிக்கொள்ளும்.

இதைக் கேட்டு மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. தள்ளுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சுறாவால் உயிர்போனது இந்தப் பார்களில் மிக அரிது. பேரிரைச்சலோடு நூற்றுக்கணக்கான தோணிகள் நிற்கும் இடத்துக்குச் சுறா நெருங்குவது குறைவு. ஆனாலும் கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் தோணி நகராது. எத்தனை பொன் தருவதாகச் சொன்னாலும் நகராது. ஆங்கிலேய அரசு அதைப் புரிந்துகொண்டது, கடல்கட்டியை வைத்துக்கொண்டது. கூலியை உயர்த்தினால் பயம் போகும் என்று கணக்குப் போட்ட அதிகாரி எவரும் மன்னாரில் வெற்றி பெற்றிருக்க முடியாது. பயத்தைப் பணம் வாங்கவில்லை. நம்பிக்கைக்குரிய ஒரு முகம் கரையில் நின்றது, அது வாங்கியது.

இப்போது 1905-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அந்த ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபம் அதுவரை கண்டிராத பெருஞ்சலாபம். ஏறக்குறைய 5,000 குளியாட்கள். எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள். அரசுக்கு மட்டும் சுமார் 25 லட்சம் ரூபாய். அன்றைய 25 லட்சம்! காடும் மணலுமாய்க் கிடந்த கரையில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழுந்தது. வணிகர்கள், தரகர்கள், முத்தைத் துளையிடுவோர், சமையற்காரர்கள், வட்டிக்காரர்கள், மருந்துக்கடை, நீதிமன்றம், சிறைச்சாலை, எல்லாம். அந்த நகரத்துக்கென்று ஒரு நாற்றமும் உண்டு. மொத்தமாக வாங்கிய சிப்பியைத் திறந்து பார்ப்பதில்லை. குவித்து அழுக விடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு கடல்நீரில் அலசி முத்தைப் பொறுக்குவார்கள். கோடிக்கணக்கான சிப்பி ஒரே கரையில் அழுகினால் எப்படி இருக்கும்? வாந்திபேதி பரவிச் சலாபம் பாதியில் கலைந்த ஆண்டுகளும் உண்டு.

தோணிகள் நண்பகல் கடற்காற்றில் கரை திரும்பும். சிப்பி மூட்டைகள் 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்புக்குள் போகும். அங்கே மூன்று கூறு. இரண்டு கூறு அரசுக்கு, ஒரு கூறு குளித்தவர்களுக்கு. அரசின் கூற்றை அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். சென்னை, பம்பாய் என்று எங்கெங்கோ இருந்து வந்த வணிகர்கள் கேட்பார்கள். திறக்காத சிப்பி! உள்ளே ராஜாவின் மகுடத்துக்குரிய முத்து இருக்கலாம். வெறும் சதையும் இருக்கலாம். அத்தனையும் அதிர்ஷ்டம்.

இங்கேதான் நிற்க வேண்டும். இங்கேதான் நம் கேள்வி திரும்பிப் பார்க்கிறது.

குளியாளி தன் பங்கை என்ன செய்தார்? அது அவருடைய சிப்பி. அவர் இரத்தம் சிந்தி எடுத்தது. அதில் ஒன்றில், ஒரே ஒன்றில், வாழ்நாள் முழுவதும் இருந்து சாப்பிடும் முத்து இருக்கலாம். அழுகவிட்டுப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கொட்டின் வாசலைத் தாண்டியதும் சிறு வியாபாரிகள் கூட்டமாகச் சூழ்ந்துகொள்வார்கள். ஒன்றிரண்டாக, டஜனாக, அங்கேயே பேரம். பெரும்பாலான குளியாட்கள் அந்த வாசலிலேயே விற்றுவிட்டுக் கையில் காசோடு குடிசைக்குப் போனார்கள். வாங்கியவர்கள் அந்த மணலிலேயே உட்கார்ந்து கத்தியால் பிளந்து பார்த்தார்கள்.

அவையோரே, இதன் பொருள் என்ன? காது கிழிய இறங்கியவர், பெருஞ்செல்வத்தின் வாய்ப்பைத் தானாகவே விற்றுவிட்டார்! அவருக்கு வேண்டியிருந்தது இன்றைய காசு. ஊரில் வாங்கிய கடனுக்கு, தோணிக்காரச் சம்மாட்டி தந்த முன்பணத்துக்கு, அடுத்த மழைக்காலம் வரை அடுப்பு எரிவதற்கு. பெரிய முத்தைக் கனவு காணும் வசதி அவருக்கு இல்லை. அந்தக் கனவைக் கண்டவர்கள் கரையில் நிழலில் இருந்தார்கள். அவர்களுக்குக் காது வலிக்கவில்லை. ஆகவே முத்துக் கடலில் பெருஞ்செல்வத்துக்காக வலியும் பயமும் தாங்கியவர் எவரும் இருந்தார் என்று சொல்வதே கடினம். வலி தாங்கியவர் கூலிக்காகத் தாங்கினார்.

பாரசீக வளைகுடாவில் நிலைமை இன்னும் கொடியது. குவைத்திலும் பஹ்ரைனிலும் குளியாளி தன் நகுதாவிடம், அதாவது கப்பல் தலைவனிடம், கடன் வாங்கித்தான் பருவத்தைத் தொடங்குவார். கடன் அடையாது. அடையாத கடன் அடுத்த ஆண்டுக்குப் போகும். இறந்தால் தம்பிக்கோ மகனுக்கோ போகும். 1920-களில் பஹ்ரைனில் ஒவ்வொரு குளியாளிக்கும் கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று சீர்திருத்தம் வந்தபோது அதை எதிர்த்தவர்களில் நகுதாக்கள் முன்வரிசையில் நின்றார்கள். அதே காலத்தில் ஜப்பானின் மிகிமோட்டோ பண்ணையில் வளர்த்த முத்துகள் உலகச் சந்தையை நிரப்பத் தொடங்கின. முத்தின் விலை சரிந்தது. கடன் சரியவில்லை.

1906 மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் லெனார்ட் வுல்ஃப் என்ற இளம் ஆங்கில அதிகாரி வேலை பார்த்தார். பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் கணவரானவர். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய 'முத்துகளும் பன்றிகளும்' என்ற சிறுகதை 1921-ல் வெளிவந்தது. அதில் ஓர் அரபுக் குளியாளி கடலில் இறக்கிறார். உடலைக் கரைக்குக் கொண்டுவந்து தோழர்கள் சுற்றி நிற்கிறார்கள். அதே முகாமில் குடியால் சீரழிந்த வெள்ளைக்காரன் ஒருவனின் சாவும் வருகிறது. இரண்டு சாவில் எது மனிதத் தன்மையுள்ளது என்பதில் வுல்ஃபுக்கு ஐயமே இல்லை. அதே 1906-ல் அரசு இந்தப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனியிடம் விட்டது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். முந்தைய ஆண்டின் 25 லட்சத்தைக் கண்டு ஆசைப்பட்டவர்கள் போட்ட பணம். ஓரிரு ஆண்டில் சிப்பி அற்றுப்போனது. கம்பெனி நொடித்தது. ஆசையின் தண்டனை அங்கே பங்குத் தாளில் விழுந்தது. எவர் காதிலும் இரத்தம் வரவில்லை.

அப்படியானால் பெருஞ்செல்வத்துக்காகவே, அது ஒன்றுக்காகவே, தாமாக எழுந்து போய் வலியையும் பயத்தையும் தழுவிக்கொண்டவர்கள் எங்கேயும் இல்லையா?

இருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை. ஒரு லட்சம் பேர்!

1896 ஆகஸ்ட் 16. கனடாவின் வடமேற்குக் கோடியில், யூக்கான் பகுதியில், கிளண்டைக் ஆற்றில் வந்து சேரும் ஒரு சிற்றோடையில் பொன் கிடைத்தது. கண்டெடுத்த குழுவில் அந்த மண்ணின் மக்களான டாகிஷ் இனத்தைச் சேர்ந்த கீஷ் இருந்தார். வெள்ளையர்கள் வைத்த பெயர் ஸ்கூக்கம் ஜிம். அவருடைய சகோதரி, சகோதரியின் கணவர் ஜார்ஜ் கார்மாக், மருமகன் ஒருவர். முதலில் கண்டவர் கீஷ்தான் என்று அவர் இனத்தார் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் பதிவேட்டில் கண்டுபிடித்தவருக்குரிய உரிமை கார்மாக்கின் பெயரில்தான் ஏறியது.

செய்தி வெளியுலகத்துக்கு வர ஏறத்தாழ ஓராண்டு ஆனது. 1897 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் இரண்டு கப்பல்கள் வந்து நின்றன. பெட்டியிலும் பையிலும் போர்வையிலும் பொன்னோடு சுரங்கக்காரர்கள் இறங்கினார்கள். ஒரு டன் பொன் வந்திருக்கிறது என்று பத்திரிகை எழுதியது. அவ்வளவுதான்! டிராம் ஓட்டுநர்கள் வண்டியை விட்டு இறங்கினார்கள். காவலர்கள், எழுத்தர்கள், ஆசிரியர்கள் வேலையை விட்டார்கள். சியாட்டில் நகர மேயர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்தே தந்தியடித்துப் பதவி விலகினார். ஒரு லட்சம் பேர் புறப்பட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

இவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் மட்டும் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1893-ல் தொடங்கிய பொருளாதார மந்தம் பலரை வாட்டியிருந்தது உண்மை. ஆனாலும் இந்தப் பயணத்துக்கே பல நூறு டாலர் வேண்டும். அதைத் திரட்ட முடிந்தவர்தான் கப்பலேற முடியும். அந்த வகையில் இவர்கள் மன்னார்க் குளியாளிக்கு நேர் எதிர். அவர் வாய்ப்பை விற்றுக் காசு வாங்கினார். இவர்கள் கையிலிருந்த காசை எல்லாம் கொட்டி வாய்ப்பை வாங்கினார்கள். 1776-ல் வெளிவந்த தம் நூலில் ஆடம் ஸ்மித் இந்த மனத்தை முன்பே எடுத்துக் காட்டியிருக்கிறார்: லாபத்தின் வாய்ப்பை மனிதர் கூட்டியே மதிப்பிடுகிறார்கள், நட்டத்தின் வாய்ப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், லாட்டரி விற்பதே அதற்குச் சான்று என்றார். தன் அதிர்ஷ்டத்தின் மீது அளவில்லாத நம்பிக்கை இளமையில் கூடுதல் என்றும் சொன்னார். கிளண்டைக்கில் அது அப்படியே நடந்தது.

என்ன தாங்கினார்கள்?

அலாஸ்கா கரையில் டையா என்ற இடத்தில் இறங்கி, சில்கூட் கணவாயைத் தாண்டினால்தான் கனடா. உணவில்லாமல் சாக வருபவர்களை உள்ளே விட முடியாது என்று கனடாவின் குதிரைக் காவல்படை ஒரு விதி போட்டது: ஆளுக்கு ஓராண்டு உணவும் கருவிகளும் இருக்க வேண்டும். மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு டன் சுமை. ஒரு டன்னை மனிதன் எப்படிச் சுமப்பான்? முப்பது கிலோ, நாற்பது கிலோவாகச் சுமப்பான். உச்சியில் வைத்துவிட்டு இறங்குவான். மறுபடி சுமப்பான். மறுபடி இறங்குவான். முப்பது முறை! கடைசி ஏற்றத்தில் பனிக்கட்டியைச் செதுக்கி 1,500 படி போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் பின் ஒருவராக எறும்புச் சாரைபோல் ஏறுவார்கள். வரிசையிலிருந்து விலகினால் மறுபடி நுழைய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கால் நடுங்கினாலும் யாரும் விலகுவதில்லை. அந்த வரிசையின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. வெள்ளை மலையில் கறுப்புக் கோடு ஒன்று; அத்தனையும் மனிதர்கள்.

பக்கத்து ஒயிட் கணவாய்ப் பாதையில் குதிரைகளை ஓட்டிப் போனார்கள். 3,000 குதிரைகள் அங்கே செத்தன. இறந்த குதிரைகளின் மீதே மற்றவை மிதித்துப் போயின. பொன்னாசை கொண்ட மனிதன் தன் வலியைத் தான் தேர்ந்துகொண்டான். அந்த விலங்குகள் எதைத் தேர்ந்தன? பொன்வேட்டையின் வீரக் கதைகளைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். புரட்டக்கூடாது.

1898 ஏப்ரல் 3. புதுப்பனி கனமாகப் பெய்து, வெயிலும் ஏறியிருந்தது. கூலிக்குச் சுமை தூக்கும் உள்ளூர்ப் பழங்குடி மக்கள் அன்று மலையேற மறுத்துவிட்டார்கள். பனி சரியும் என்று எச்சரித்தார்கள். பொன்வேட்டையாடிகள் பலர் கேட்கவில்லை. பனி சரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோண்டி எடுத்துப் புதைத்தார்கள். பிறகு? வரிசை மீண்டும் ஏறத் தொடங்கியது.

இதுதான் நம் கேள்விக்கு நேரான பதில். தாங்குவார்கள். செல்வம் போதிய அளவு பெரிதாகத் தெரிந்தால், நூறு நூறாகத் தாங்குவார்கள். ஆனால் எப்படித் தாங்கினார்கள் என்பதையும் பாருங்கள். "ஒரு டன் சுமையை மலை மேல் ஏற்று, எண்ணூறு கிலோமீட்டர் ஆற்றில் போ, பெரும்பாலோருக்கு ஒன்றும் கிடைக்காது" என்று மொத்தமாக முன்னே வைத்துக் கேட்டிருந்தால் எத்தனை பேர் கப்பலேறியிருப்பார்கள்? அப்படி யாரும் கேட்கவில்லை. அடுத்த படி, அடுத்த சுமை, அடுத்த முகாம் என்றுதான் வலி வந்தது. முன்னால் ஒருவன் ஏறுகிறான். பின்னால் ஒருவன் மூச்சு வாங்குகிறான். நடுவில் இருப்பவன் எப்படித் திரும்புவான்? பத்து முறை சுமந்தவனுக்குப் பதினோராவது முறை சுமக்காமல் இருப்பதுதான் கடினம். குளியாளியின் கயிற்றைப் பிடிக்க ஒரு மச்சான் இருந்தார். இங்கே முன்னும் பின்னும் முகம் தெரியாத மனிதர்கள் அந்த வேலையைச் செய்தார்கள்.

கிடைத்தது என்ன? மலையைத் தாண்டியவர்கள் பென்னெட் ஏரிக்கரையில் மரத்தை வெட்டிப் படகு கட்டினார்கள். 1898 மே இறுதியில் பனி உடைந்ததும் ஆயிரக்கணக்கான படகுகள் புறப்பட்டன. ஒரு லட்சம் பேரில் முப்பது நாற்பதாயிரம் பேர்தான் டாசன் நகரம் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் தெரிந்தது: பொன் உள்ள ஓடைகளை எல்லாம் அங்கே முன்பே இருந்தவர்கள் இரண்டு ஆண்டுக்கு முன்பே வளைத்துப் போட்டுவிட்டார்கள். சுமார் 4,000 பேருக்குக் கொஞ்சமோ நஞ்சமோ பொன் கிடைத்தது. பணக்காரர் ஆனவர்கள் சில நூறு பேர். எழுத்தாளர் ஜாக் லண்டன் 21 வயதில் அங்கே போய், ஸ்கர்வி நோயோடு, பொன்னென்று சொல்ல ஏதுமில்லாமல் திரும்பினார்; அவருக்குக் கிடைத்த செல்வம் கதைகள். டாசன் வந்து சேர்ந்தவர்களில் பலர் மண்வெட்டியைக்கூட எடுக்கவில்லை. தெருக்களில் சில நாள் நடந்து திரிந்து, கொண்டுவந்த சாமான்களை விற்றுவிட்டு, ஊர் திரும்பினார்கள். அவ்வளவு தூரம் தாங்கி வந்ததே அவர்களுக்குப் போதுமென்று ஆகிவிட்டதோ என்னவோ.

ஆனால் வேறு சிலர்? 1899 கோடையில் அலாஸ்காவின் நோம் கடற்கரை மணலிலேயே பொன் கிடைக்கிறது என்று செய்தி வந்தது. ஆகஸ்டில் ஒரே வாரத்தில் 8,000 பேர் டாசனை விட்டுக் கிளம்பினார்கள். ஏமாந்த அதே மனிதர்கள், மறுபடியும்.

இந்தக் கதையில் கீஷ் என்ற அந்த டாகிஷ் மனிதருக்குத் தனி இடம் உண்டு. பொன் கிடைப்பதற்கு முன் அவர் அதே சில்கூட் கணவாயில் கூலிக்குச் சுமை தூக்கியவர். 1887-ல் நில அளவை அதிகாரி ஒருவருக்காக 156 பவுண்டு, அதாவது எழுபது கிலோ, பன்றி இறைச்சியை ஒரே சுமையாக அந்தக் கணவாய்க்கு மேலே ஏற்றிவிட்டார். அன்று அவர் மன்னார்க் குளியாளியைப் போல. உடம்பை விற்று அன்றைய கூலி வாங்கினார். பிறகு பொன் கிடைத்தது. உண்மையாகவே பெருஞ்செல்வர் ஆனார். ஊரில் பெரிய வீடு கட்டினார்.

அதன்பின் அவர் நிம்மதியாக உட்கார்ந்தாரா? இல்லை. சுமை தூக்க வேண்டிய தேவை தீர்ந்த பிறகும், ஆண்டுக்கு ஆண்டு மலைக்கும் காட்டுக்கும் போய், பனியிலும் பசியிலும், பொன் பாறையைத் தேடிக்கொண்டே இருந்தார். 1916-ல் இறந்தார். தேவை தீர்ந்த மனிதரை அந்தக் குளிருக்குள் இழுத்தது எது? பணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

சாகும் முன் அவர் தம் பணத்தை ஓர் அறக்கட்டளையில் வைத்தார். அதன் வருவாய் யூக்கானின் பழங்குடி மக்களுக்குப் போக வேண்டும் என்று எழுதினார். அந்தக் கணவாயில் அடுத்தவர் சுமையைத் தூக்கிய மக்கள் அவர்களும்தான். யூக்கானின் தலைநகரான வொயிட்ஹார்சில் அவர் பெயரில் ஒரு நட்பு மையம் இன்றும் நடக்கிறது.